ஐம்பத்திரண்டு வினாடியில் பத்தொன்பது அடி

அந்த ஆள் இரும்புக் குழாயோடு உள்ளே வந்தபோது காலை பதினொரு மணி. எங்கள் அவசர அழைப்பு மையம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு ஸ்க்ரீன், நடுவில் சொட்டுகிற ஏசி, அதற்குக் கீழே ஒரு பச்சை வாளி. வாசலில் காவலுக்கு இருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். முதல் அடியில் மூலையிலிருந்த ஸ்க்ரீன் நொறுங்கியது. இரண்டாவது அடியில் அதற்கடுத்தது. மூன்றாவது என்னுடையது. குழாய் இறங்கும்போது ஸ்க்ரீனைக் காப்பாற்றவேண்டும் என்று எந்த மடச்சாம்பிராணிக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியது. கையை நீட்டினேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் ஹெட்செட்டையும் தாண்டிக் கேட்டது.

"அம்பத்திரெண்டு செகண்டு! என் தங்கச்சி போன்ல இருந்தா. அம்பத்திரெண்டு செகண்டு நீங்கள்லாம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

எங்கள் மேலாளர் மேசைக்கடியில் இருந்தார். விழுந்த பேனாவைத் தேடியதாகப் பிற்பாடு சொன்னார். மற்றவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். எனக்கு வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவன் எந்தப் பெண்ணைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். நான்கு நாளைக்கு முன்னால் அந்த அழைப்பை எடுத்தவள் நான்தான்.

எங்கள் வேலை சுருக்கமாக இதுதான். யாராவது கூப்பிட்டால் அவர்களுடைய நம்பர் ஸ்க்ரீனில் வரும். அந்த நம்பரை வைத்து டேட்டாபேஸில் தேடி மெஷின் விலாசத்தைக் கொண்டுவரும். விலாசம் வந்தால்தான் ரோந்து வண்டியை அனுப்பும் பட்டன் வேலை செய்யும். விலாசத்தை வாயால் சொல்லலாமே என்பீர்கள். குரல்வளையில் புருஷனின் கட்டைவிரல் இருக்கும்போது சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண் சொல்லவில்லை. நான் வேலை செய்யாத பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். விலாசம் வந்தபோது அவள் குரல் அடங்கி, அடி விழும் சத்தம் மட்டும்தான் போனில் மிச்சம் இருந்தது. அவள் பிழைக்கவில்லை.

குழாய் நான்காவது முறை உயர்ந்தபோது பின்னறைக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். முப்பத்து நான்கு வயது, ஒல்லி, இடது காது கேட்காது. விலாசங்களைத் தட்டச்சு செய்கிற வேலை. வந்து இரண்டு வருஷத்தில் எங்களோடு அவள் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் தேறாது. நேராகப் போய் அந்த ஆளுக்கு முன்னால் நின்றாள்.

"உங்க கேள்விக்கு நான் பதில் சொல்றேன். அதுக்கப்புறமும் அடிக்கணும்னா அடிங்க. அந்த ரெக்கார்டிங்க நான் நாலு தடவ கேட்டேன். அம்பத்திரெண்டு செகண்டுல பத்தொன்பது அடி. அவன் கைய எடுத்தது தெருமுனையில சைரன் கேட்டப்புறம்தான். அந்த சைரன் அம்பத்திரெண்டு செகண்டு முன்னாடியே கேட்டிருக்கணும். அவ்வளவு நேரமும் மெஷின் விலாசத்தத் தேடிட்டு இருந்துச்சு. இந்தக்கா பட்டன அமுக்கிட்டேதான் இருந்தாங்க. அவங்க கைய உடைச்சு என்ன ஆகப்போகுது?"

அவன் குழாயைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். போலீஸ் வந்து அழைத்துக்கொண்டு போனது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இத்தனை வருஷத்தில் எங்கள் அறையில் சரியான கேள்வியைக் கேட்டவன் அந்த ஆத்திரக்காரன் ஒருவன்தான். அந்த நேரமெல்லாம் மெஷின் என்ன செய்துகொண்டிருந்தது என்று நாங்கள் யாருமே கேட்டதில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு எங்கள் மையத்தில் 'அடிக்கணக்கு' என்று பெயர் விழுந்தது. வைத்தது நான்தான். என் வாய் கொஞ்சம் நீளம்.

அவளுடைய கதையை அவளாகவே ஒரு நாள் சொன்னாள், கட்டுப் போட்ட என் கைக்குப் பதிலாக என் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தபடி. கல்யாணமாகி ஐந்து வருஷம் அடி. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அவள் நகரவில்லை. அம்மா வீட்டுக்குப் போனபோதெல்லாம் கல்லானாலும் கணவன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்படிச் சொன்னவர்கள் தலையில் ஒருநாளும் கல் விழுந்ததில்லை என்பது என் கருத்து. கடைசி நாளன்று அவன் இடது கன்னத்தில் விட்ட அறையில் காதுக்குள் ஏதோ கிழிந்து கழுத்து வழியாக ரத்தம் ஓடியது. அவள் வீட்டு போனில் எங்கள் மையத்தைக் கூப்பிட்டாள். ரிசீவரைப் பிடித்துக்கொண்டே அடி வாங்கினாள்.

"எண்ணிட்டே இருந்தேன்கா. வேற எதுவும் பண்ண முடியல, அதான் எண்ணினேன். பதினாறு வந்தப்ப உங்க ஆளு ஒருத்தர், விலாசம் கிடைச்சிடுச்சும்மான்னார். பின்னாடி கோர்ட்டுல ரெக்கார்டிங் போட்டாங்க. நாப்பத்தோரு செகண்டு."

பிழைத்து, விவாகரத்து வாங்கி, மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, வேறெங்கும் விண்ணப்பிக்காமல் எங்களிடமே வேலை கேட்டு வந்தாள். நேர்முகத் தேர்வில், "உங்க மெஷின் மெதுவா இருக்கு சார், அத சரி பண்ணணும்" என்றாளாம். மேலாளர் சிரித்துவிட்டு விலாசம் தட்டுகிற வேலையைக் கொடுத்தார்.

குழாய்க்காரன் வந்துபோன பிறகு மேலாளருக்கும் பயம் பிடித்தது. புது மெஷின் வாங்கினார். பெட்டி பிரித்து, மாட்டி, ஓட்டிப் பார்த்தால் ஐம்பத்திரண்டு நாற்பத்து நான்காகியிருந்தது.

"எட்டு செகண்டு மிச்சம்" என்றார் மேலாளர் பெருமையாக.

"மூணு அடி மிச்சம் சார். பாக்கி பதினாறு இருக்கு" என்றாள் அடிக்கணக்கு.

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. ஆனால் அன்றைக்கே அவளைப் பின்னறை சர்வருக்குப் பொறுப்பாக்கினார். மறுநாள் ஒரு வெள்ளைப் பலகை கொண்டுவந்து சுவரில் மாட்டினாள். மூன்று பத்தி: வேலை, வினாடி, அடி. எந்தத் தேடலுக்கு எத்தனை வினாடி, அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்கு எத்தனை அடி விழும் என்று எழுதினாள். வினாடிக்கும் அடிக்குமான கணக்கை அந்தத் தங்கச்சியின் ரெக்கார்டிங்கிலிருந்தே எடுத்திருந்தாள். இப்படியெல்லாமா எழுதுவது என்று எங்களில் பாதிப் பேர் முகம் சுளித்தோம். ஆனால் அந்தப் பலகை வந்த பிறகு யாரும் 'கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கு' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

அவள் எதையும் மாற்றுவதற்கு முன்னால் மெஷினிடமே கேட்டாள். இந்த நம்பரை எப்படித் தேடப்போகிறாய் என்று கேட்பதற்கு ஒரு கட்டளை இருக்கிறதாம். அது தன் திட்டத்தை வரிவரியாகச் சொல்லிவிடும்.

"புருஷன்கிட்டதான் ஏன் எப்படின்னு கேட்டா அறை விழும். மெஷின் அப்படி இல்லக்கா. கேட்டா சொல்லும். கேக்காம ஊகத்துல ஆளாளுக்கு ஒண்ணு மாத்தறதுதான் தப்பு."

மெஷின் சொன்ன பதில்: நாற்பது லட்சம் வரியையும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பேன். எனக்கு அவள் விளக்கியது அப்படியே நினைவிருக்கிறது. "நாப்பது லட்சம் வீடு. எதோ ஒரு வீட்டுல ஒருத்தி கத்தறா. போலீஸ்காரன் முதல் வீட்டுலேர்ந்து ஒவ்வொரு கதவா தட்டி, இங்கயா, இங்கயான்னு கேட்டுட்டு வர்றான். வீடு கூடக்கூட நேரமும் கூடும். எனக்கு நாப்பத்தொண்ணு, அந்தத் தங்கச்சிக்கு அம்பத்திரெண்டு. அவனுக்குப் புது பூட்ஸ் வாங்கிக் குடுத்தா கொஞ்சம் வேகமா நடப்பான், அவ்வளவுதான். நம்ம சார் வாங்கினது பூட்ஸ்."

இதற்கு மருந்து இண்டெக்ஸ். நம்பர்களை வரிசைப்படுத்தி எழுதிய ஒரு நோட்டு என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் திறந்தால் தேடுகிற நம்பர் முன்பாதியிலா பின்பாதியிலா என்று தெரிந்துவிடும். மறுபடி பாதி, அதில் பாதி. இருபத்திரண்டு முறை திறந்தால் நாற்பது லட்சத்தில் ஒன்று கையில் வந்துவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால் அந்த நோட்டு எங்கள் மெஷினில் முதல் நாளிலிருந்தே இருந்தது. மெஷின் அதைத் தொடவே இல்லை. போன் கம்பெனிகள் அனுப்புகிற பட்டியலில் ஒருவர் நம்பருக்கு நடுவே கோடு போட்டிருப்பார், ஒருவர் இடைவெளி விட்டிருப்பார், ஒருவர் முன்னால் பூஜ்யம் சேர்த்திருப்பார். அதனால் எங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த மகராசன், ஒவ்வொரு தேடலின்போதும் நாற்பது லட்சம் நம்பரிலும் கோட்டையும் பூஜ்யத்தையும் நீக்கிவிட்டு ஒப்பிடும்படி எழுதியிருந்தான். நோட்டில் இருப்பது கோடு போட்ட நம்பர். கேட்பது கோடில்லாத நம்பர். நோட்டால் என்ன பயன்? ஒருத்தி சாகிற நேரத்தில் உட்கார்ந்து கோடு அழித்துக்கொண்டிருந்திருக்கிறது மெஷின். இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குழாய் கையில் இருந்திருந்தால் நானே நாலு போட்டிருப்பேன்.

பட்டியல் வந்து சேரும்போதே ஒரே ஒரு முறை நம்பரைச் சுத்தம் செய்து தனிப் பத்தியில் வைத்தாள். அந்தப் பத்திக்கு நோட்டுப் போட்டாள். நாற்பத்து நான்கு வினாடி, ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கானது. கண் சிமிட்டக்கூட நேரமில்லை. பலகையில் அடி என்ற பத்தியில் பூஜ்யம் எழுதிவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக் கதவு, அழுதது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

மேலாளர் ருசி கண்டுவிட்டார். இருக்கிற எல்லாப் பத்திக்கும் நோட்டுப் போடச் சொல்லி, அவள் விடுப்பில் இருந்த நாளில் வேறொருவரை வைத்துப் போட்டும் விட்டார். மறுநாள் புது அழைப்பு பதிவாக ஆறு வினாடி ஆனது. ஒரு வரி புதிதாக எழுதினால் பதினொரு நோட்டிலும் எழுதியாகவேண்டும் அல்லவா? அவள் வந்து ஒன்பதைக் கிழித்துப் போட்டாள். இன்னொரு நாள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் மாத அறிக்கை ஓடும்போது எல்லா ஸ்க்ரீனும் நின்றுபோயின. ஒரே குளியலறை உள்ள வீட்டில் ஒருவர் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடினால் மற்றவர்கள் கதி என்ன? அறிக்கையை டேட்டாபேஸின் நகல் ஒன்றில் ஓடும்படி மாற்றினாள்.

இன்னொன்றையும் அடிக்கடி சொல்வாள். மெஷின் தன்னிடம் எது எவ்வளவு இருக்கிறது என்று ஒரு குத்துமதிப்பு வைத்திருக்குமாம். அதை நம்பித்தான் எந்த வழியில் தேடலாம் என்று முடிவெடுக்கும். பட்டியல் மாறிய பிறகும் குத்துமதிப்பைப் புதுப்பிக்காவிட்டால் தப்பான வழியில் தன்னம்பிக்கையோடு போகும். "பழைய தகவல நம்பறதுதான்கா பெரிய ஆபத்து. தெரியாதுன்னா கூட விசாரிப்போம். தெரியும்னு நெனச்சிட்டா விசாரிக்கவே மாட்டோம்."

இந்த வாக்கியம்தான் எங்கள் இரண்டு பேர் கழுத்தையும் பின்னால் பிடித்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவள் சோதனை செய்வாள். பின்னறையிலிருந்து ஒரு நம்பரை எங்கள் ஸ்க்ரீனில் எதற்காவது அனுப்புவாள். நிஜ அழைப்பு போலவே மணி அடிக்கும், விலாசம் வரும், பேச்சு மட்டும் இருக்காது. நாங்கள் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, சோதனை என்று எழுதிய நீலப் பட்டனை அமுக்கி மூடவேண்டும். எப்போதும் ஒரே நம்பர். இரட்டை ஏழில் முடியும். அது அவள் அடி வாங்கிய வீட்டு போன் என்று எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

"ஏண்டி, வேற நம்பரே கிடைக்கலியா உனக்கு?"

"விடை தெரிஞ்ச கேள்வியத்தான்கா சோதனைக்குக் கேக்கணும். அந்த விலாசம் எனக்குச் சாகற வரைக்கும் மறக்காது. விவாகரத்து ஆனப்பவே லைன கட் பண்ணிட்டான், காகிதத்த நானே பாத்தேன். அங்கேர்ந்து யாரும் கூப்பிட மாட்டாங்க."

இரண்டு வருஷத்தில் அந்த இரட்டை ஏழை நான் நூற்றுக்கணக்கான தடவை மூடியிருப்பேன். நம்பரைப் பார்த்ததுமே விரல் தானாக நீலப் பட்டனுக்குப் போகும். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் அப்படித்தான்.

அன்று பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். மணி அடித்தது. இரட்டை ஏழு. விலாசம் பளிச்சென்று வந்தது. பேச்சில்லை. நீலத்தை அமுக்கினேன். பக்கத்து இருக்கைக்காரியிடம் பாதியில் விட்ட என் மாமியார் கதையைத் தொடர்ந்தேன்.

மறுபடி மணி. மறுபடி இரட்டை ஏழு. ஒரே நிமிடத்தில் இரண்டு சோதனை என்ன கேடு என்று விரலைக் கொண்டுபோனேன். அப்போது ஹெட்செட்டில் யாரோ மூச்சை உள்ளுக்கு இழுத்தார்கள். அதைத் தொடர்ந்து ஒரு சத்தம். பன்னிரண்டு வருஷம் இந்த வேலையில் இருந்தவளுக்கு அந்தச் சத்தத்தை விளக்கத் தேவையில்லை. சதைமேல் பெல்ட்.

"இது உன் டெஸ்ட்டாடி?" என்று கத்தினேன்.

பின்னறையில் அவள் எழுந்து நின்றாள். "இன்னிக்கு நான் டெஸ்ட்டே போடலக்கா."

வண்டி அனுப்பும் பட்டனை அமுக்கிவிட்டேன். அருகிலிருந்த வண்டி வந்துசேர ஒன்பது நிமிடம் என்று ஸ்க்ரீன் சொன்னது. முதல் அழைப்பை மூடியதற்கும் இப்போது அமுக்கியதற்கும் இடையில் முப்பத்தொரு வினாடி. அவள் ஓடிவந்து இன்னொரு ஹெட்செட்டை வலது காதில் வைத்தாள். போனில் பின்னால் ஒரு ரேடியோ சத்தம் ஏறிக்கொண்டே போனது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"வாசக்கதவப் பூட்டிட்டு ரேடியோவக் கூட்டுவான். அதுக்கப்புறம்தான் நிஜமா ஆரம்பிப்பான்" என்றாள் என்னிடம். பிறகு போனில், "பேசாதீங்கம்மா. நான் சொல்றது கேட்டா ரிசீவர ஒரு தடவ தட்டுங்க" என்றாள்.

ஒரு தட்டு.

"கம்பியில்லாத ரிசீவர்தானே? கையிலயே எடுத்துக்கிட்டு எழுந்திரிங்க. குளியலறைக்குப் போகாதீங்க. அந்தத் தாழ்ப்பாள் ஒரே உதையில வந்துடும். எனக்கு வந்துச்சு. சமையலறைக்குப் பின்னாடி சாமான் அறைக்குப் போங்க. இப்பவே."

கால்கள் இழுபடுகிற சத்தம். ஒரு பாத்திரம் உருண்டது. கதவு சாத்தியது.

"உள்ள ஒரு பழைய தையல் மெஷின் இருக்கா? இரும்புக் கால் வெச்சது?"

தட்டு.

அவள் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். "அது என்னோடது. கதவு உள்பக்கமாத்தான் திறக்கும். மெஷின இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுங்க. எதிர்ச்சுவத்துல முதுகக் குடுத்து, காலால மெஷின அழுத்திட்டு உக்காருங்க."

இரும்புக் கால்கள் தரையில் கீச்சிட்டன. அந்தப் பெண் முதல்முறையாக வாயைத் திறந்து முனகினாள். ஒரு கை வேலை செய்யவில்லை என்பது அந்த முனகலிலேயே தெரிந்தது. அடுத்து கதவில் முதல் உதை. எட்டு நிமிடம் இருந்தது. நான் ஸ்க்ரீனில் வண்டியின் புள்ளி ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு எந்த நோட்டும் போட முடியாது. வண்டி தெருவழியாகத்தான் வரவேண்டும்.

உதை நின்றது. ஏதோ கனமானது கதவில் மோதத் தொடங்கியது. சுத்தியல். மரம் பிளந்தது. அவன் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது. என்ன சொன்னான் என்று எழுதமாட்டேன். அவள் வாய் அவனுக்கு அரை வினாடி முன்னால் அதே வார்த்தைகளை முணுமுணுத்தது. ஐந்து வருஷம் கேட்டுப் பழகியவை.

"கைய உள்ள விட்டு... மெஷினத் தள்றான்..." என்று அந்தப் பெண் அலறினாள்.

"மெஷின் டிராயரத் திறங்க. துணி வெட்டற கத்தரி இருக்கும், பெருசு. எடுத்தீங்களா? குத்துங்க."

"பயமா இருக்கு..."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அதான் நான் குத்தல. நீங்க குத்துங்க!"

அறையில் பதினோரு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். போனில் ஓர் ஆண் ஊளையிட்டான். மறுபடியும். மூன்றாவது முறை அது கதவைவிட்டுத் தள்ளிப்போனது. அடிக்கணக்கு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கத்தி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னாள். சந்தோஷமாக இருந்ததாம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒன்பதாவது நிமிடம் சைரன் கேட்டது. கதவை உடைத்துப் போனவர்கள், உள்ளங்கையில் துளையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தவனைப் பிடித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இடது முழங்கை முறிந்து, இரண்டு பல் போயிருந்தது. உயிர் இருந்தது.

அவன் மறுபடி கல்யாணம் செய்து, பழைய நம்பரையே திரும்ப வாங்கி ஏழு மாதமாகியிருந்தது. மாதாமாதம் வந்த பட்டியலில் அந்த வரி 'இணைப்பு இல்லை' என்பதிலிருந்து 'இணைப்பு உண்டு' என்று மாறியிருந்தது. சோதனை செய்த யாரும் அதைப் பார்க்கவில்லை. விடை தெரிந்த கேள்வி அல்லவா?

மறுநாள் காலை நான் வருவதற்குள் அவள் சோதனை நம்பரை யாருக்கும் இருக்கமுடியாத வெறும் பூஜ்யங்களாக மாற்றியிருந்தாள். பலகையிலும் எழுதியிருந்தாள். தேடல்: ஐம்பதில் ஒரு வினாடி, பூஜ்யம் அடி. அதற்குக் கீழே, நீலப் பட்டன்: முப்பத்தொரு வினாடி, ஆறு அடி. அதற்கும் கீழே சிறிய எழுத்தில்: பழைய தகவலை நம்பியது நான்.

முதல் அழைப்பு மூடப்பட்டதும் மறுபடி நம்பரை அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்த முழங்கை முறிந்தது என்று வாக்குமூலத்தில் இருந்தது. ஆறு அடி என்று அந்தப் பெண் எண்ணிச் சொன்னதும் அதில்தான். ஆறில் எத்தனையாவது அடி என்று மட்டும் இல்லை. நான் அதையே நினைத்துக்கொண்டு மூன்று நாள் சாப்பிடவில்லை. அழித்துவிடேன் என்று அவளிடம் கெஞ்சினேன்.

"அழிச்சா வேற யாராவது அமுக்குவாங்கக்கா" என்றாள். அந்த வரி இன்றும் இருக்கிறது. டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் கட்டளை எதையும் முதலில் சொல்லித் தருவதில்லை. ரெக்கார்டிங்கைப் போட்டு, ஒரு தாளைக் கொடுத்து, எண்ணச் சொல்கிறாள். ஒருத்தன் பச்சை வாளியில் வாந்தி எடுத்தான். அவன்தான் இப்போது நன்றாக வேலை செய்கிறான். எண்ணி முடித்ததும் பலகை முன் நிறுத்தி, மெஷினை எவ்வளவு வேகமாக்கினாலும் கடைசியில் எது மெதுவாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்வாள். நான் கையைத் தூக்கி, அது நான்தான் என்பேன்.

அந்த அழைப்புக்கு ஒன்றரை மாதம் கழித்து, காலை பதினொரு மணிக்கு, கையில் மாவுக்கட்டோடு ஒரு பெண் மூன்றாம் மாடிக்கு ஏறிவந்தாள். காவல்காரர் இந்தமுறை டீ குடிக்கப் போகவில்லை. உள்ளே கேட்டுவிட்டு அனுப்பினார். சிறிய பெண், இருபத்தாறு வயதுக்குமேல் இருக்காது. அடிக்கணக்கு எழுந்து போய் நின்றாள். இரண்டு பேரும் கட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பெண், "உங்க தையல் மெஷின எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"முதல் போன யாரு எடுத்தீங்க?"

"நான்தாம்மா."

"ஏன் கட் பண்ணீங்க?"

சொன்னேன். சோதனை நம்பர், நீலப் பட்டன், என் மாமியார் கதை, ஒன்றையும் விடவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு கட்டில்லாத கையால் என் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டாள். காது 'கொய்ங்' என்றது. பக்கத்து இருக்கைக்காரி பதறி எழுந்தாள்; நான் உட்காரச் சொன்னேன். எனக்குக் கோபமே வரவில்லை. போனமுறை இந்தக் கேள்வியைக் கேட்க அண்ணன் வரவேண்டியிருந்தது. இவள் தானே படியேறி வந்து கேட்கிறாள்.

அவள் போன பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டே பலகையைக் காட்டினேன். "ஆற ஏழாக்கிடவாடி?"

அடிக்கணக்கு சிரிக்கவில்லை. துணியை எடுத்து, அந்த வரியைச் சுற்றி இருந்த தூசியை மட்டும் துடைத்தாள்.

"அது இந்தக் கணக்குல வராதுக்கா" என்றாள். "போய் உக்காருங்க, மணி அடிக்குது."